1929ல் ஓடியதில் எதுவும் மிச்சமில்லை... ஆனாலும் அதே கார்தான்! 1 கோடி பவுண்டு வழக்கில் வந்த தீர்ப்பு

லண்டன்: ஒரு பழைய காருக்கு விலை 1 கோடி பவுண்டு. பேசி முடித்து, ஒப்பந்தமும் போட்டாச்சு. அதற்குப் பிறகு வாங்க வந்தவர்கள், "இது நீங்க சொன்ன கார் இல்லை. பணம் தர முடியாது" என்று கைவிரித்தால் விற்றவருக்கு எப்படி இருக்கும்?

இங்கிலாந்தில் 1990ம் ஆண்டு இதுதான் நடந்தது. ஒரு பவுண்டு சுமார் 30 ரூபாயாக இருந்த காலம். அந்தக் கணக்கிலேயே காரின் விலை 30 கோடி ரூபாய். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. ஒரு பழைய கார் எதுவரைக்கும் 'அதே கார்' என்ற கேள்விக்கு நீதிபதியே உட்கார்ந்து விடை கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது.

காரின் பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. பென்ட்லி கம்பெனி தயாரித்த 'ஸ்பீடு சிக்ஸ்' ரக ரேஸ் கார். பதிவு எண் எம்.டி. 3464.

வைர வியாபாரி மகன்

டபிள்யூ.ஓ. பென்ட்லி என்ற இன்ஜினியர் 1919ம் ஆண்டு ஆரம்பித்த கம்பெனி அது. வடக்கு லண்டனில் கிரிக்கிள்வுட் என்ற இடத்தில் பட்டறை. கார் நல்ல கார்தான், ஆனால் கையில் காசு நிற்கவில்லை. கம்பெனி மூழ்க இருந்த நேரத்தில் 1926ம் ஆண்டு பணத்தைக் கொட்டி அதைத் தன் கைக்குள் கொண்டு வந்தவர் உல்ஃப் பர்னாட்டோ.

இவருடைய அப்பா பார்னி பர்னாட்டோ, லண்டனின் ஏழைகள் பகுதியில் பிறந்து, தென்னாப்பிரிக்காவுக்குப் போய் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர். 1897ம் ஆண்டு கப்பலில் வரும்போது கடலில் விழுந்து இறந்தார். அப்போது மகனுக்கு 2 வயதுகூட முடியவில்லை.

வளர்ந்த மகனுக்கு கார் என்றால் உயிர். பணக்கார வீட்டுப் பிள்ளை பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறார் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பிரான்ஸ் நாட்டில் லே மான்ஸ் என்ற ஊரில் 24 மணி நேரம் விடாமல் ஓடும் ரேஸ் ஒன்று உண்டு. பகல், ராத்திரி, மழை எதற்கும் நிற்காது. அந்தக் காலத்தில் ஒரு காரை இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டினார்கள். பர்னாட்டோ அதில் ஓடியது 3 தடவை. ஜெயித்ததும் 3 தடவை.

முதல் வெற்றி 1928ல், வேறொரு பென்ட்லியில். அடுத்த இரண்டும் இந்த 'ஓல்ட் நம்பர் ஒன்' காரில்தான். 1929ம் ஆண்டு டிம் பர்கின் என்பவருடன் சேர்ந்து ஓட்டினார். அந்த வருடம் முதல் 4 இடங்களையும் பென்ட்லி கார்களே அள்ளிக்கொண்டன. 1930ம் ஆண்டு கிளென் கிட்ஸ்டன் என்பவருடன் மறுபடியும் வெற்றி. 24 மணி நேரம் என்ஜினைப் பிழிந்தெடுக்கும் அந்த ரேஸில் ஒரு கார் ஒரு தடவை முழுசாக ஓடி முடிப்பதே பெரிய விஷயம். அடுத்தடுத்த வருஷம் இரண்டு தடவை ஜெயித்தால் அதன் மவுசு கேட்கவா வேண்டும்? 1 கோடி பவுண்டு விலைக்குக் காரணமே இந்த இரண்டு வெற்றிதான்.

சாமான் மாறிய கதை

வில்லங்கமும் இங்கேதான் ஆரம்பம்.

நம் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் போல ரேஸ் காரை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ரேஸ் முடிந்ததும் பட்டறைக்குக் கொண்டுபோய் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிடுவார்கள். தேய்ந்தது குப்பைக்குப் போகும், புதுசு ஏறும். அடுத்த சீசனுக்கு வேகம் பத்தாது என்று தோன்றினால் பிரேக், ஆக்சில், என்ஜின் எல்லாம் மாறும். இன்னொரு காரின் சாமானை எடுத்து இதில் போடுவதும் சகஜம். 60 வருஷம் கழித்து எவனோ ஒருவன் கோடிக்கணக்கில் விலை கேட்பான் என்று ஸ்பேனர் பிடித்த மெக்கானிக்குக்கு எப்படித் தெரியும்?

பாடி இன்னும் மோசம். அந்தக்கால பென்ட்லி ரேஸ் கார்களுக்கு மரச்சட்டம் அடித்து, அதன் மேல் ஒருவிதத் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். எடை குறையும், தடதட சத்தமும் குறையும். ஆனால் பல வருஷம் தாங்காது.

1931ம் ஆண்டு பென்ட்லி கம்பெனி கடனில் விழுந்து, ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. பர்னாட்டோ மட்டும் இந்தக் காரை விடவில்லை. மாற்றியமைத்து, லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள புரூக்லேண்ட்ஸ் ரேஸ் மைதானத்துக்கு அனுப்பினார். அந்த வருடம் நடந்த 500 மைல் ரேஸில் ஜாக் டன்ஃபீ, சிரில் பால் இருவரும் இந்தக் காரை ஓட்டி ஜெயித்தார்கள்.

மேலே பறந்து விழுந்தது

அடுத்த வருடம்தான் அந்தக் கோரம்.

1932ம் ஆண்டு ரேஸுக்காக காரில் இன்னும் பெரிய 8 லிட்டர் என்ஜினை ஏற்றியிருந்தார்கள். லே மான்ஸில் ஓடியபோது இருந்தது ஆறரை லிட்டர் என்ஜின். ஜாக் டன்ஃபீயும் அவரது தம்பி கிளைவ் டன்ஃபீயும் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு.

புரூக்லேண்ட்ஸ் மைதானத்தின் வளைவுகள் சாதாரண வளைவு இல்லை. கான்கிரீட்டில் கிண்ணத்தின் உள்பக்கம் மாதிரி சாய்த்துக் கட்டியிருந்தார்கள். வேகமாக வரும் கார் அந்தச் சரிவில் ஏறி ஓடும். உச்சி விளிம்பு தாண்டினால் அந்தப்பக்கம் அதலபாதாளம்.

கிளைவ் ஓட்டிக்கொண்டிருந்தபோது கார் அந்த விளிம்பைத் தாண்டி வெளியே பறந்தது. மரங்களை முறித்துக்கொண்டு கீழே போய் விழுந்தது. தூக்கி எறியப்பட்ட கிளைவ் உயிரிழந்தார். அவருடைய மனைவி ஜேன் பாக்ஸ்டர், அந்தக் காலத்து பிரபல நடிகை.

உயிரைக் குடித்த கார் என்று ஒதுக்கியிருக்கலாம். பர்னாட்டோ அப்படிச் செய்யவில்லை. மிச்சம் மீதியை எடுத்து மறுபடியும் கட்டச் சொன்னார். இந்தத் தடவை ரேஸ் கார் இல்லை. மேலே கூரை போட்டு, ரோட்டில் சொகுசாகப் போகும் கூபே காராகக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு கார் பல கை மாறியது. கூரை போட்ட பாடி போய், பழைய லே மான்ஸ் தோற்றத்தில் திறந்த பாடி மறுபடியும் வந்தது. 1990ம் ஆண்டு காரை வைத்திருந்தவர், ஏப்ரல் 6ம் தேதி அதை மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் என்ற கம்பெனிக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். 'சிமிட்டர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைத் தயாரித்து வந்த கம்பெனி அது. இங்கிலாந்து இளவரசி ஆன் விரும்பி ஓட்டும் கார் என்று அந்த சிமிட்டருக்கு ஒரு பெயர் உண்டு.

கோர்ட்டில் பாகப்பிரிவினை

வாங்கும் கம்பெனியின் வாதம் ரொம்ப எளிமை. "லே மான்ஸில் ஜெயித்த கார் என்றுதானே இவ்வளவு பணம் கேட்கிறீர்கள்? அந்தக் கார் இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார்கள்.

காரை நட்டு நட்டாக ஆராய்ந்து, எந்தச் சாமான் எந்த வருஷத்தது என்று நிபுணரை வைத்துக் கணக்கெடுத்தார்கள். வந்த விடை விற்றவரின் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்.

1929ம் ஆண்டு ஜெயித்த காரில் இருந்து, வருஷம் சொல்ல முடியாத சில்லறைச் சாமான்களைத் தவிர எதுவும் இல்லை. 1930ம் ஆண்டு ஜெயித்ததில் இருந்து பெடல் ஷாஃப்ட், கியர் பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகிய மூன்று மட்டும். ஸ்பிரிங், ஆக்சில், ஷாக் அப்சார்பர் போன்ற அடிப்பகுதிச் சாமான்கள் 1932ம் ஆண்டைச் சேர்ந்தவை.

மூன்று சாமானுக்கு 1 கோடி பவுண்டா என்று கேட்டால் நியாயம்தானே!

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாத்தா ஓட்டிய சைக்கிள் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா ரிம் மாற்றினார். சித்தப்பா ஹேண்டில்பார் மாற்றினார். ஃபிரேம் உடைந்தது என்று ஒரு நாள் அதுவும் மாறியது. ஆனால் ஒரு நாள்கூட அது அந்த வீட்டின் சைக்கிளாக இல்லாமல் இருந்ததில்லை. 'தாத்தா சைக்கிளை எடுத்துட்டு வா' என்றால் எல்லோரும் அதைத்தான் எடுத்து வருவார்கள். எந்தத் தேதியில் அது தாத்தா சைக்கிள் இல்லாமல் போனது?

விற்றவர் தரப்பின் பலம் இதுதான். கார் எந்தக் காலத்திலும் காணாமல் போகவில்லை. எங்கோ குப்பையில் கிடந்த ஒரு சேஸிஸ் துண்டை எடுத்து வைத்து, சுற்றிப் புதுசாகக் கட்டிய காரும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அது ஓடிக்கொண்டிருந்த கார்.

நீதிபதி போட்ட முடிச்சு

நீதிபதி ஓட்டன் 1990 ஜூலையில் தீர்ப்பு சொன்னார். வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து அளந்ததுதான் அந்தத் தீர்ப்பின் விசேஷம்.

இதை 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது என்றார். பட்டறையில் இருந்து வந்த அன்று இருந்த சாமான்களோடு அது இல்லை. அதே நேரம், மாதிரியைப் பார்த்துக் கட்டிய வெறும் மறுகட்டுமானம் என்றும் தள்ளிவிட முடியாது. சரியான சொல் 'ஆதென்டிக்' என்பதுதான் என்று முடிவு செய்தார். அதாவது, பெயர் சொல்ல முழு உரிமை உள்ள கார்.

அதற்கு அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: புதுச் சாமான்கள் ஒரேயடியாக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்து, முழு காரோடு கலந்துவிட்டன. எந்த இடத்திலும் கார் தன் அடையாளத்தை இழக்கவில்லை. 'நான்தான் ஓல்ட் நம்பர் ஒன்' என்று உரிமை கோர இதைத் தவிர வேறு எந்த பென்ட்லியும் இல்லை, இருந்ததும் இல்லை. ஏப்ரல் 6ம் தேதி விலைக்கு வந்தது வெறும் இரும்பு மட்டும் அல்ல. அதன் வரலாறும் பெயரும் சேர்ந்துதான் விலைக்கு வந்தன.

விற்றவருக்கு வெற்றி. ஒப்பந்தம் செல்லும் என்று ஆகிவிட்டது.

பேப்பர் முக்கியம்

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு பழைய கார் வியாபாரத்தில் சாமானுக்கு இணையாக பேப்பருக்கும் மதிப்பு கூடியது. 'ஓல்ட் நம்பர் ஒன்' பிழைத்ததே 'தொடர்ச்சி அறுபடவில்லை' என்ற ஒரே பாயின்டில்தானே. அதை நிரூபிக்க என்ன இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். சேஸிஸ் நம்பர், பதிவுப் புத்தகம், கம்பெனி சர்வீஸ் குறிப்பு, பழைய போட்டோ, யார் யாரிடம் எப்போது இருந்தது என்ற விவரம் எல்லாம் ஃபைலில் இருக்க வேண்டும். ஆர்.சி. புக் இல்லாத வண்டியை நம் ஊரில் பாதி விலைக்குக்கூட கேட்கமாட்டார்களே, அதே கதைதான்.

இதில் இன்னொரு மோசடியும் உண்டு. ஒரே பழைய காரின் என்ஜினை ஒருவர் வாங்குவார், சேஸிஸை இன்னொருவர் வாங்குவார். இருவரும் ஆளுக்கொரு கார் கட்டி, 'என்னுடையதுதான் அந்தக் கார்' என்பார்கள். ஒரு காருக்கு இரண்டு வாரிசு! எது நிஜம் என்று பிரிக்க, கடைசியில் பேப்பரைத்தான் புரட்ட வேண்டும்.

பேப்பர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பர்னாட்டோவின் இன்னொரு காரே சாட்சி. 1930 மார்ச் மாதம், பிரான்ஸின் கான் நகரில் இருந்து கிளம்பும் 'புளூ டிரெய்ன்' ரயில் கலே துறைமுகத்தைத் தொடுவதற்குள் தன் பென்ட்லியில் லண்டனுக்கே போய்விடுவதாக பந்தயம் கட்டினார். ராத்திரி முழுக்க ஓட்டி, சொன்னபடி ஜெயித்தார். அழகான ஒரு கூபே கார்தான் அந்த ரயிலை முந்தியது என்று பல வருஷம் எல்லோரும் நம்பினார்கள். ஓவியம்கூட வரைந்தார்கள்.

பிறகு குறிப்புகளைப் புரட்டியபோதுதான் குட்டு உடைந்தது. அந்த கூபே கார் பர்னாட்டோ கைக்கு வந்ததே 1930 மே மாதத்தில். பந்தயம் நடந்தபோது அது கட்டி முடிக்கப்படவே இல்லை. ரயிலை முந்தியது அவரிடம் இருந்த வேறொரு பென்ட்லி சலூன் கார். இருந்தாலும் அந்த கூபே காரை இன்று வரை 'புளூ டிரெய்ன் பென்ட்லி' என்றே பலரும் அழைத்து வருகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.