டிவி கேமுக்குள் ஐம்பது வெற்று வரிகள்

கரிக்கலாம்பாக்கத்திலும் அதைச் சூழ்ந்த வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் தொண்ணூறுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தை போன்ற இடங்களில் பேரம் பேசி வாங்கப்பட்டு, அடாப்டரும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் மஞ்சள் நிறக் கேசட்டுமாக வீடு வந்து சேர்ந்த ‘டிவி கேம்’ பெட்டியைப் பற்றி விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆட்டங்களையே இன்று மடிக்கணினியில் எமுலேட்டர் என்னும் மென்பொருளின் துணையால் ஆடுகிறவர்களுள், அதன் மூலநிரலைத் திறந்து பார்க்கும் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது: பழைய பெட்டியின் பிராசஸர் வேகத்தைக் குறிக்கும் எண்ணை இரட்டிப்பாக மாற்றி எழுதிவிட்டால், ஆட்டமும் இரண்டு மடங்கு வேகமாக ஓடுமா?

ஓடாது. ஏன் ஓடாது என்பதை ஆராயப் புகுந்தால், நம் ஊர்களில் நகல் என்று அலட்சியமாகப் பேசப்பட்ட அந்தப் பெட்டிக்குள் எத்தனை நுட்பமான யோசனை அடங்கியிருந்தது என்பது புலப்படும்.

மூலப் பெட்டி, நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம். 1975இல் அமெரிக்காவில் பிறந்த 6502 என்னும் பிராசஸரின் வடிவத்தைத் தழுவி ரிக்கோ நிறுவனம் அதற்கென்று செய்த சில்லு, நொடிக்கு ஏறத்தாழ 17,89,773 முறை துடிக்கிறது; அதன் அருகிலேயே படம் வரைவதற்கென்று தனியாக மற்றொரு சில்லு அமர்ந்து, பிராசஸர் ஒரு முறை துடிப்பதற்குள் மூன்று புள்ளிகளைக் கடந்து, 262 வரிகள் கொண்ட ஒரு படத்தை நொடிக்கு அறுபது தடவை தொலைக்காட்சிக்கு அனுப்புகிறது. இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காலத்தை அளக்கும் பிரமாணம் பிராசஸரின் துடிப்பு அன்று, படமே ஆகும். ஒரு படம் வரைந்து முடிந்ததும் படச்சில்லு பிராசஸரைக் குறுக்கிட்டு அழைக்க, அந்த அழைப்பைக் கேட்டு மேரியோ ஓரடி நகர, பாட்டும் ஒரு படி முன்னேறுகிறது; வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டால், அடுத்த அழைப்பு வரும் வரையில் பிராசஸர் சும்மா காத்திருக்கிறது. ஆகவே துடிப்பை இரட்டிப்பாக்கினால் மிஞ்சுவது காத்திருக்கும் நேரமே தவிர, மேரியோவின் கால்களுக்கு வேகம் வருவதில்லை.

இதோடு சில விபரீதங்களும் உண்டு. ஒலி எழுப்பும் பகுதி பிராசஸரின் உள்ளேயே அமைந்து அதே துடிப்பை அனுசரித்து நடப்பதால், எண்ணை மட்டும் கூட்டினால் பாட்டின் சுருதி ஏறிவிடும். திரையின் மேற்பகுதியில் மதிப்பெண்ணை அசையாமல் நிறுத்திக் கீழ்ப்பகுதியை மாத்திரம் நகர்த்துவது முதலிய தந்திரங்களைச் செய்யும் ஆட்டங்களில், துடிப்புகளை எண்ணிக் காத்திருந்து, படச்சில்லு குறித்த வரியை எட்டும் தருணத்தில் கட்டளை இடும்படி நிரல் எழுதியவர்கள் பலர். அங்கே பிராசஸர் முந்திக்கொண்டால் படம் குலையும். 1991இல் வந்த ‘பேட்டில்டோட்ஸ்’ இத்தகைய கணக்குகளைப் பெரிதும் நம்பியிருப்பதனால், எமுலேட்டர் எழுதுவோருக்கு அது இன்றும் ஒரு பரீட்சையாகவே இருந்து வருகிறது.

அப்படியானால் வேகத்தைக் கூட்டுவதில் பிரயோஜனமே இல்லையா என்றால், ஓரிடத்தில் நிச்சயமாக உண்டு. ‘மெகா மேன் 2’ போன்ற ஆட்டங்களில் எதிரிகளும் குண்டுகளும் ஒரே சமயத்தில் திரளாக வந்து சேரும்போது, பிராசஸரால் ஒரு படத்துக்குரிய நேரத்துக்குள் கணக்கை முடிக்க இயலாமற்போய், ஓர் அழைப்பு வீணாகிவிட, ஆட்டம் சட்டென்று தள்ளாடுவதைக் கண்டிருப்பீர்கள். அந்தத் தள்ளாட்டத்தை நீக்கக் கூடுதல் நேரம் வேண்டும். ஆனால் படம் வரையும் கணக்கு கெடவும் கூடாது.

கட்டற்ற மென்பொருளான எஃப்.சி.இ.யு.எக்ஸ் என்னும் எமுலேட்டரின் மூலநிரலில் இதற்குக் கையாண்டிருக்கும் வழி மிகவும் எளியது. பிராசஸரின் துடிப்பில் கை வைக்காமல், கண்ணுக்குத் தெரியும் 240 வரிகள் முடிந்த பின்பு, குறுக்கீட்டு அழைப்பு வருவதற்கு முன்பாக, ஒன்றும் வரையாத வெற்று வரிகள் சிலவற்றைச் செருகிவிடுகிறார்கள். அந்த வரிகள் கழியும் அவகாசத்தில் பிராசஸர் தன் மிச்ச வேலையை முடித்துக்கொள்கிறது. ஒலிப்பகுதியோ அந்த அவகாசத்தைக் கணக்கில் கொள்ளாததால் சுருதி பிசகுவதில்லை. பிராசஸரே நேரடியாக ஒலி மாதிரிகளை ஒவ்வொன்றாக எழுதிக் குரலோசை எழுப்பும் ஆட்டங்களில் மட்டும் இந்த உபாயம் ஓசையைக் கெடுத்துவிடும் என்பதால், அவ்விடங்களில் வெற்று வரிகளைத் தானாகவே விலக்கிக்கொள்ளும்படியும் நிரலில் ஏற்பாடு இருக்கிறது.

இதே மூலநிரலில் சற்றுத் துருவிப் பார்த்தால், 240க்குப் பதிலாக 290 என்று எழுதிய ஓர் இடமும், அதற்கு இணையாக 1773447.467 என்னும் துடிப்பெண்ணும் தென்படும். அவை ‘டெண்டி’ வகைப் பெட்டிகளுக்குரியவை. டெண்டி என்பது 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டியின் பெயர்; தைவானின் யு.எம்.சி. நிறுவனம் பால் முறைத் தொலைக்காட்சி வழங்கும் நாடுகளுக்கென்று வார்த்த சில்லுகளைக் கொண்ட பெட்டிகளை எமுலேட்டர் உலகம் இப்பெயராலேயே குறிக்கிறது. 1982இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிய நம் தூர்தர்ஷன் ஏற்றதும் அந்தப் பால் முறையே: நொடிக்கு ஐம்பது படம், படத்துக்கு 312 வரி. ஜப்பானியப் பெட்டியைக் காட்டிலும் கூடுதலான அந்த ஐம்பது வரிகளை எங்கே வைப்பது என்ற பிரச்சினைக்கு, ஐரோப்பாவுக்கென்று நின்டென்டோ செய்த பெட்டி அழைப்புக்குப் பின்னால் வைத்தும், பிராசஸரை நொடிக்கு 16,62,607 துடிப்பாகக் குறைத்தும் விடை கண்டது. யு.எம்.சி. பொறியாளர்களோ ஜப்பானிய ஆட்டங்கள் பழுதின்றி ஓட வேண்டும் என்ற நோக்கத்தால், துடிப்பை மூலத்துக்கு மிக அருகில் நிறுத்தி, ஐம்பது வரிகளையும் அழைப்புக்கு முன்னால் வெற்று வரிகளாக வைத்தார்கள்.

எமுலேட்டர்காரர்கள் பிற்காலத்தில் மூலநிரலில் செய்ததை இந்தப் பொறியாளர்கள் சிலிக்கனிலேயே செய்துவிட்டார்கள் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு படத்துக்கு ஜப்பானியப் பெட்டியில் ஏறத்தாழ 29,780 துடிப்புகள் கிடைக்க, டெண்டி வகைப் பெட்டியில் 35,464 துடிப்புகள் கிடைக்கின்றன. அதாவது சுமார் 19 சதவீதம் அதிகம். ஐரோப்பியப் பெட்டியில் ஜப்பானியக் கேசட்டைச் செருகினால் பாட்டின் சுருதி அரை ஸ்வரத்துக்கும் மேலாக இறங்கிவிடும். டெண்டி வகைப் பெட்டியிலோ சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்க, காலப்பிரமாணம் மாத்திரம் ஆறில் ஒரு பங்கு தாழ்ந்து ஒலிக்கும். இத்தகைய பெட்டியில் மேரியோவின் பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஜப்பானிய மூலம் அவசரப்பட்டுப் பாடுவதாகத் தோன்றினால் அதில் ஆச்சரியமில்லை.

சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர் முதலில் எமுலேட்டரின் அமைப்புகளிலேயே டெண்டி வகையைத் தேர்ந்து கேட்கலாம். பிறகு மூலநிரலில் வெற்று வரிகளின் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கம்பைல் செய்து, தள்ளாட்டம் எந்த எண்ணில் மறைகிறது, எந்த எண்ணில் மடிக்கணினியே திணறுகிறது என்று கவனிக்கலாம். அண்டையில் விழுப்புரத்துக் குனு லினக்ஸ் பயனர் குழு போன்ற கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் இயங்குவதால், துணைக்கு ஆள் கிடைப்பதும் அரிதன்று. ஆட்டங்களின் பதிப்புரிமை அவற்றை வெளியிட்டவர்களுக்கே உரியது. எமுலேட்டரோ குனு பொது உரிமத்தின் கீழ் வருவதால், திருத்திய பிரதியைப் பிறருக்கு வழங்குகிறவர், தாம் மாற்றிய வரிகள் உட்பட மூலநிரலையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்தாக வேண்டும்.