கராத்தேயா, கபடியா, என்.சி.சி.யா?

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள், கராத்தேயில் சேர்க்கலாமா, பரதத்தில் சேர்க்கலாமா, காலேஜ் சீட்டுக்கு எது உதவும் என்று கேட்கிறீர்கள். உட்காருங்கள் அண்ணே, டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் மாநிலத்தில் இன்ஜினீயரிங் பொதுக் கவுன்சலிங் முழுக்க முழுக்க மார்க்கைப் பார்த்துத்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200க்குக் கட்-ஆஃப். அங்கே பரதச் சான்றிதழை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. மருத்துவத்துக்கு நீட். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு மருத்துவத்திலும் இன்ஜினீயரிங்கிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. நூறு சான்றிதழைவிட அது பெரியது.

திறமைக்கென்று தனி இடம் எங்கே இருக்கிறது? இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் உண்டு. நம் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி போன்ற அரசுக் கலைக் கல்லூரிகளின் சிறப்புக் கலந்தாய்வில் விளையாட்டையும் என்.சி.சி.யையும் கணக்கில் எடுப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டுக்கு இரண்டு இடம் வைத்திருக்கிறது, அதில் ஒன்று பெண்களுக்கு. மறு வருடம் கலைக்கும் தனி இடம் வந்தது. ஆனால் அங்கேயும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் கட்டாயம். திறமையும் தேசிய அளவில் நிரூபித்ததாக இருக்க வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பணம் கட்டினால் வந்தவருக்கெல்லாம் மெடல் மாட்டிவிடுகிற போட்டிகள் கவுன்சலிங்கில் செல்லாது. பள்ளிக்கல்வித் துறை நடத்துகிற குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிற போட்டியிலும், அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் போட்டியிலும் ஜெயிப்பதற்குத்தான் மதிப்பு. எந்தச் சான்றிதழ் எடுபடும் என்று பள்ளியில் பி.டி. சாரிடமும், மாவட்ட விளையாட்டரங்கத்திலும் இப்போதே கேட்டுவிடுங்கள். பன்னிரண்டாவதில் கேட்டால் காலம் கடந்திருக்கும். என்.சி.சி.யும் அப்படித்தான்: 'ஏ' சான்றிதழுக்கு இரண்டு வருடப் பயிற்சி வேண்டும்.

இன்னொரு வகைக் கல்லூரி உண்டு. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நுழைவுத்தேர்வோடு நேர்காணலும் நடக்கும். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கட்டண உதவியும் கிடைக்கும். அங்கே "என்ன செய்தாய், ஏன் செய்தாய்" என்று கேட்டால் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். ஆறு விதமான பயிற்சி வகுப்புகளுக்கு அரைகுறையாகப் போனவளால் அது முடியாது. ஊர் ஊருணியின் தண்ணீரை மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு எழுதியவளுக்குச் சொல்ல விஷயம் இருக்கும். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் அதில் கலந்துகொள்ளலாம். வரலாறு பிடித்தால் பொற்பனைக்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. 2023இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு தொடங்கியது. இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். சீட்டுக்கு மார்க், அதை எதுவும் ஈடுகட்டாது. அதோடு ஒன்றே ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். சான்றிதழே கிடையாது என்றாலும் சனிக்கிழமை காலையில் அதற்காகத் தானாக எழுந்திருப்பாளா என்று கவனியுங்கள். எழுந்தால் நாலு வருடம் விடாமல் செய்ய விடுங்கள். சீட்டுக்கு அது உதவினால் நல்லது. உதவாமல் போனாலும் அந்த நாலு வருடம் அவளுக்கு வீணில்லை.