இயந்திரம் தவறினால் என்ன ஆகும்?

ரோபோ உதவியுடன் அறுவைச் சிகிச்சை என்றதும் குடும்பத்தினர் பலர் எங்களிடம் கேட்பது இது: “கணினி நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?” கேட்க வேண்டிய கேள்விதான்.

டாவின்சி போன்ற அறுவை ரோபோக்கள் தாமாக எதையும் தீர்மானிப்பதில்லை. மருத்துவர் கட்டுப்பாட்டு மேசையில் அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தவாறு கைகளை அசைக்கிறார். அவ்வசைவைக் கருவிகள் நுண்ணளவில் பின்பற்றுகின்றன, கைநடுக்கம் வடிகட்டப்படுகிறது. காட்சிப் பகுதியிலிருந்து மருத்துவர் தலையை எடுத்தால் கருவிகள் அசைவற்று நிற்கும். இயந்திரம் முற்றிலும் நின்றால், கருவிகளை வெளியே எடுத்து மருத்துவர் தம் கைகளாலேயே சிகிச்சையைத் தொடர்வார். அதற்காகவே ஒரு குழு நோயாளியின் அருகில் ஆயத்தமாக இருக்கிறது.

பழுதே நேராத இயந்திரம் எங்கும் இல்லை. பழுது நேரும்போதும் நோயாளிக்குத் தீங்கு வராதவாறு அமைப்பதே நம்பகமான கணினி அமைப்புகளை உருவாக்கும் பொறியாளரின் பணி.

தெராக்-25 தந்த பாடம்

இத்துறை இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு மிகையான கதிர்வீச்சைச் செலுத்தியது. குறைந்தது மூவர் உயிரிழந்தனர்.

இயக்குபவர் சிகிச்சை விவரங்களை விரைவாகத் திருத்தியபோது திரை சரியாகவே காட்டியது. ஆனால், உள்ளே இயந்திரத்தின் அமைப்பு அதற்கேற்ப மாறவில்லை. இதே பிழை முந்தைய தெராக்-20 இயந்திரத்தின் மென்பொருளிலும் இருந்தது. ஆயினும் அதிலிருந்த தனிப் பாதுகாப்புப் பூட்டுகள் கதிர்வீச்சைத் தடுத்துவிட்டன. புதிய இயந்திரத்தில் அப்பூட்டுகளை நீக்கி, காவல் முழுவதையும் மென்பொருளிடமே ஒப்படைத்திருந்தனர். உடல் எரிகிறது என்று நோயாளி சொன்னபோது, அப்படி நேர வாய்ப்பில்லை என்றே பதில் கிடைத்தது.

இன்றைய கதிர்வீச்சு இயந்திரங்களில் இரண்டு அளவிகள் ஒன்றையொன்று சாராமல் கதிர்வீச்சின் அளவைக் கணிக்கின்றன. ஒன்று தவறினாலும் மற்றொன்று இயந்திரத்தை நிறுத்தும். 2006இல் வெளிவந்த ஐஇசி 62304 தரநிலை, மருத்துவ மென்பொருளை அதனால் நேரக்கூடிய தீங்கின் அளவுக்கேற்ப மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியவை மிகக் கடுமையான விதிகளுக்கு உட்பட்டவை.

உங்கள் பங்கு

சொட்டு மருந்துக் கருவியில் எச்சரிக்கை ஒலி எழுந்தால் அதை நீங்களே நிறுத்தாதீர்கள், செவிலியரை அழையுங்கள். மருந்து செல்லும் வேகத்தை மாற்றாதீர்கள். கதிர்வீச்சின்போது எரிச்சலோ வலியோ தோன்றினால், உடல் அசையாமல், குரல் கொடுத்து உடனே தெரிவியுங்கள். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் உங்கள் சொல்லைக் கேட்டுச் சோதிப்பது எங்கள் கடமை.