வண்டிக்கும் ஒரு திண்ணை

மோட்டார் சைக்கிளையும் படுக்கையறையையும் ஒரே இழுவண்டியில் கொண்டு செல்வோர் அமெரிக்க நாட்டில் பலர் உளர். 'டாய் ஹாலர்' எனப்படும் அவ்வண்டியின் பின்கதவு நிலத்திற்குச் சாய்ந்தால் சைக்கிள் ஏறும் பாலம். எஃகு வடங்களால் மட்டமாக நிறுத்திக் கிராதி இட்டால் திண்ணை. ஊர்விட்டு வந்த நமக்குத் திண்ணையின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ! திறந்து கிடக்கும் வாயிலுக்கோ உட்புறமாகக் கண்ணாடிக் கதவும் கொசுவலையும் பொருத்துகின்றனர்.

இதில் அளவெடுப்பதே பாதி வேலை. வண்டியை மட்டமாக நிறுத்தித் தாங்கிகளை ஊன்றிய பின்னரே அளவுநாடாவை எடுத்தல் வேண்டும். வாயிலின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இல்லையெனில், சட்டத்துக்கு ஆப்புக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடிக் கதவின் கைப்பிடி, பின்கதவை மூடும்போது இடிக்குமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்வது நலம்.

பெரும்பகை மழைநீர்தான். கீலருகே கசிந்தால், கதவினுள் இருக்கும் ஒட்டுப்பலகை வெளியே தெரியாமலே இற்றுவிடும். அதன்மேல் நாற்காலியிட்டு அமர்வோர் கதி என்னாவது? ஆகவே ரப்பர்ப் பட்டைகளைத் துடைத்துச் சிலிக்கான் எண்ணெய் பூசுதலும், வடங்களில் இழை அறுந்துள்ளதா என நோக்குதலும் இன்றியமையாதவை. கதவைத் தூக்க உதவும் சுருள்வில்லை மட்டும் நாமே கழற்றலாகாது. முறுக்கேறிய வில் கையை முறிக்க வல்லது; அது தொழிலறிந்தவர் வேலை.