பிரம்பு இல்லாத வகுப்பு!

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா!"

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் வாத்தியாரிடம் இப்படிச் சொன்ன காலம் உண்டு. அடித்தால்தான் பிள்ளை அடங்கும் என்று நம்பினார்கள்.

அது சரிதானா? சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் விடை சொல்லின.

13 பள்ளிகளில் தொடக்கம்

2003-ம் ஆண்டு 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி கமிஷனர் எம்.பி.விஜயகுமார். ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியே இதற்கு வழிகாட்டி.

பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் கூடவே உட்கார்ந்தார்.

வருகையைப் பிள்ளைகளே குறித்தார்கள். பாட அட்டையைத் தாங்களே எடுத்தார்கள். முடிந்ததும், எடுத்த இடத்திலேயே வைத்தார்கள். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது.

சும்மா இருக்கும் கைதான் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். வேலை உள்ள கைக்கு அதற்கு நேரம் ஏது?

சட்டமும் வந்தது

2007-ல் இம்முறை தமிழ்நாடு முழுவதும் பரவியது. பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறிவிட்டது.

2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதிலும் ஆட்டமும் பாட்டும் உண்டு.

வீட்டிலும் செய்யலாம்

மணலி புதுநகர் போன்ற இடங்களில், தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகள் பல. அங்குள்ள பிள்ளை நாலு பேரோடு பழகுவதைப் பள்ளியில்தான் கற்கிறது. வரிசையில் நிற்பது, விட்டுக்கொடுப்பது, "மன்னித்துக்கொள்" என்பது எல்லாம் அங்கே வரும் பழக்கங்கள்.

பெற்றோரும் துணை நிற்கலாம். சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொல்லுங்கள். தம்பிக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கச் சொல்லுங்கள். செய்ததும் பாராட்டுங்கள்.

அடிக்குப் பயந்த பிள்ளை, ஆள் இல்லாதபோது ஆடும். பொறுப்பு ஏற்ற பிள்ளை, தனியாக இருந்தாலும் ஒழுங்காக இருக்கும்!