அம்மா சமையலும் வேண்டும்... அவசரத்துக்கும் உதவ வேண்டும்!

"டாக்டர், பையன் மூணு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போறான். வயித்து வலின்னு அடிக்கடி ஸ்கூலுக்கு லீவு வேற..."

கள்ளக்குறிச்சியில் என்னிடம் வந்த ஒரு தாய் சொன்னது இது. பையனுக்கு எட்டு வயது. "காலையில் என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் கூட வந்திருந்த மாமியார் முந்திக்கொண்டார். "பாக்கெட் நூடுல்ஸ், இல்லேன்னா பன்னு! எங்க காலத்துல இப்படியா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "அஞ்சு மணிக்கே எழுந்துக்கறேன் டாக்டர். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். நான் வேற என்னதான் செய்யறது?"

யார் பக்கம் நியாயம்? இரண்டு பேர் பக்கமும்தான்!

முதலில் பையனைப் பார்ப்போம். மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. காய், கீரை, பழம் இல்லாமல், தண்ணீரும் போதாமல், தினமும் அதையே சாப்பிட்டால் மலம் இறுகும். வயிறு வலிக்கும். அடுத்து உப்பு. பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு இன்னும் குறைவாகவே வேண்டும். நூடுல்ஸோடு வரும் மசாலா பொட்டலத்தில் உப்பு தாராளம். என்றைக்கோ ஒருநாள் என்றால் பரவாயில்லை. தினமும் என்றால்தான் வம்பு.

சரி, மாமியார் சொன்ன 'எங்க காலம்' எப்படி இருந்தது? நம் பாட்டிமார் தினமும் எல்லாவற்றையும் புதிதாகவா சமைத்தார்கள்? இல்லையே! ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு. கோடையில் போட்ட வற்றலும் வடகமும் மழைக்காலத்துக்கு. இட்லி மாவு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாமே முன்கூட்டிச் செய்து வைத்த அவசரச் சமையல்தான். ஒரே வித்தியாசம், அன்றைக்கு வீட்டில் நாலைந்து கைகள் இருந்தன. இன்றைக்கு ஒரே ஒரு ஜோடிக் கை!

இதைக் கல்வராயன் மலையிலும் பார்க்கிறேன். சாமையும் தினையும் விளையும் மலை அது. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு பாட்டியிடம், "சாமைச் சோறு உண்டா?" என்றேன். "உரல்ல குத்தறது யாருங்க ஐயா? தோள்பட்டை விட்டுப் போவுது. ரேஷன் அரிசி வந்துச்சு, விட்டுட்டோம்" என்றார். ருசி பிடிக்காமல் விடவில்லை. உழைப்பு தாங்காமல் விட்டார். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமையை உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களுக்குள் கொண்டுவந்தது இந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான். பெண்களின் சுமை குறைந்தால்தான் பாரம்பரியச் சமையல் நிலைக்கும். மலைக்கும் இதுதான், நம் வீட்டுக்கும் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லோரும் சேர்ந்து.

மாவு: மூன்று நாளைக்கு அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். முடியாவிட்டால் கடை மாவு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். தேதி பார்த்து, சுத்தமான இடத்தில் வாங்குங்கள்.

பொடி: துவரம்பருப்பு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். வறுத்துப் பொடித்து ஈரமில்லாத பாட்டிலில் வையுங்கள். சூடான சோற்றில் இந்தப் பொடியும் ஒரு ஸ்பூன் நெய்யும், பக்கத்தில் ஒரு காய். பத்து நிமிஷத்தில் சாப்பாடு தயார்! சீரகமும் பெருங்காயமும் மந்தத்தை நீக்கும் என்பது சித்த மருத்துவம்.

சாமைப் பொங்கல்: ஒரு டம்ளர் சாமை, கால் டம்ளர் பாசிப்பருப்பு, நாலு டம்ளர் தண்ணீர். குக்கரில் நாலு விசில். காயை முதல் நாள் ராத்திரியே நறுக்கி வைத்தால் அதையும் இதிலேயே போட்டுவிடலாம்.

சாம்பார்: மிஞ்சியதை ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் வேண்டியதை மட்டும் நன்றாகக் கொதிக்க வையுங்கள். திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள்.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று கடைகளில் 'சிறுதானிய நூடுல்ஸ்' கூடக் கிடைக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் பெயரே மைதா என்றால் ஏமாறாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயாளிகள் சாமைதானே என்று அளவு மீற வேண்டாம், அதுவும் மாவுச்சத்துதான். கல்வராயன் மலைக் கடுக்காய் நல்ல மருந்து. ஆனால் கைவைத்தியமாகக் குழந்தைக்கு அரைத்துக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், வாந்தி, எடை குறைவு இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பையனுக்கு எளிய மருந்து ஒன்று கொடுத்தேன். மாமியாருக்கும், வராமல் இருந்த அப்பாவுக்கும் சேர்த்து வேலை எழுதிக் கொடுத்தேன்! ஒரு மாதம் கழித்து வந்தார்கள். வயிற்று வலி போயிருந்தது. "பீன்ஸ் நறுக்கறது இப்போ என் பையன்தாங்க" என்றார் மாமியார், கொஞ்சம் சலிப்போடு. "பொடி நான்தான் வறுக்கறேன். இவளுக்குப் பக்குவம் தெரியாது!"

மருமகள் சிரித்துக்கொண்டே பையனைப் பார்த்தாள். நூடுல்ஸ்? ஞாயிற்றுக்கிழமை மட்டும், கேரட்டும் பட்டாணியும் போட்டு!