விரைவோட்டத்தின் அடியில் ஒரு நகரம்

ஓர் ஊரின் பெயரைக் கேட்டதும் அதன் பொருளை அறிந்த அளவில் அமைபவர் பலர். அப்பெயர் எக்காலத்தில், எந்நிலையில் இடப்பட்டது என்று ஆராயுங்கால், ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறே அதனுள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், அயோவா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் அமைந்த கியோகக் என்னும் சிறு நகரம் இதற்குத் தக்க சான்றாகும். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 10,000 பேரே.

மிசிசிப்பிப் பேராற்றோடு டி மொயின் ஆறு வந்து கலக்கும் இடத்தை அடுத்து இந்நகரம் அமைந்துள்ளது. இதற்கு மேலே ஏறத்தாழ 11 மைல் தூரத்துக்குப் பேராற்றின் அடி முழுவதும் பாறையாக இருந்தது. அத்தூரத்தில் நீர் சுமார் 22 அடி இறங்கி விரைந்தோடியது. நீர் குறைந்த காலங்களில் நீராவிக் கப்பல்கள் சுமையுடன் இவ்விடத்தைக் கடத்தல் இயலாது. எனவே, பொருள்களை இறக்கிச் சிறு படகுகளிலோ வண்டிகளிலோ ஏற்றி அப்பால் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. இறக்கவும் ஏற்றவும் ஆட்கள் வேண்டும். பொருள்களை வைக்கப் பண்டசாலை வேண்டும். தங்குவோர்க்கு விடுதி வேண்டும். கப்பலுக்குத் தடையாய் நின்ற பாறையே ஊருக்கு முதலாயிற்று.

1820ஆம் ஆண்டில் சாமுவேல் மியூர் என்னும் இராணுவ வைத்தியர் இங்கு மரக்குடில் ஒன்றை அமைத்தார். சாக் இனப் பெண்ணை மணந்திருந்த அவர், மனைவியைக் கைவிடுமாறு மேலிடம் பணித்தபோது பதவியையே கைவிட்டார் என்பது அவ்வூர் மரபு. அவரைப் பின்தொடர்ந்து தோல் வணிகர் வந்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 119,000 ஏக்கர் நிலம் இத்தகைய கலப்பு மணங்களிற் பிறந்தோர்க்கென ஒதுக்கப்பட்டது. 1834இல் அந்நிலத்தை விற்கும் உரிமை அவர்களுக்கு அளிக்கப்பட்டது. உடனே நில வணிகர் திரண்டனர், உரிமைகள் கைமாறின, வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன.

இக்காலத்திலேதான் கியோகக் என்னும் பெயர் ஊருக்கு நிலைத்தது. கியோகக் என்பவர் சாக் மக்களின் தலைவர்களுள் ஒருவர். தலைமை அவருக்குப் பரம்பரையாக வந்ததன்று, நாவன்மையால் வந்தது. 1804ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டி, மிசிசிப்பியின் கிழக்குக் கரையிலிருந்த சாக் ஊர்களை விட்டு வெளியேறுமாறு அரசு வற்புறுத்தியபோது அம்மக்கள் இரு பிரிவாயினர். அவ்வுடன்படிக்கை செல்லாது என்று வாதிட்ட பிளாக் ஹாக் என்னும் தலைவர் 1832இல் அமெரிக்கப் படையோடு பொருது தோற்றார். வெள்ளையரின் பெருநகரங்களைக் கண்டு திரும்பியிருந்த கியோகக்கோ, எதிர்த்து நின்றால் அழிவே எஞ்சும் என்று கருதி மேற்குக் கரைக்குச் சென்றுவிட்டார். போரின் பின் அரசு அவரையே தலைவராக ஏற்றுக்கொண்டது. குடியேறியோரும் அவர் பெயரையே தம் ஊருக்குச் சூட்டினர்.

ஆயினும், இணங்கிச் சென்றவருக்கும் நிலம் தங்கவில்லை. 1842ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அயோவாவில் எஞ்சியிருந்த நிலமும் கைவிட்டுப் போயிற்று. 1845இல் கியோகக் தம் மக்களுடன் கான்சாசு நோக்கிப் புறப்பட்டார். 1847இல் அவர் பெயர் தாங்கிய ஊர் நகராக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அவர் கான்சாசில் இறந்தார். 1883இல் நகரத்தார் அவருடைய எச்சங்களை எடுத்துவந்து ஆற்றை நோக்கிய பூங்காவில் அடக்கம் செய்தனர். 1913இல் அங்கு ஒரு சிலையும் நிறுவப்பட்டது.

அதே 1913ஆம் ஆண்டில் மின்னுற்பத்திக்கான பேரணை ஒன்று ஆற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்டது. ஊரைத் தோற்றுவித்த விரைவோட்டம் அணையின் நீருள் மூழ்கியது. பாறை மறைந்தது, பெயருக்குரியவரின் மக்கள் அகன்றனர், பெயர் மட்டும் நிலைத்தது.

ஒருவர் பெயரை ஊருக்கு இடுதல் அவரைப் பெருமைப்படுத்தும் செயலெனவே பொதுவாகக் கொள்ளப்படும். சிலவிடங்களில் அது, பெற்றுக்கொண்ட நிலத்துக்கு எழுதிக்கொடுத்த பற்றுச்சீட்டாகவும் அமைந்துவிடுகிறது. கியோகக் நகரின் பெயர் இவ்விரண்டுமாய் நிற்கிறது.